கறுப்புப் பூச்சும் பொற்கோடும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து இலக்கியத்திலோ இலக்கணத்திலோ யாதாயினும் ஒன்று வருமென்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றை எழுதவல்லார் இம்மலரிலேயே பலருளர். யாம் ஈண்டு எழுதப் புகுவது துவிச்சக்கர வண்டி ஒன்றின் சட்டகத்துக்குப் பூச்சுப் பூசிய வரலாறாகும். இது மலருக்கு ஏற்ற பொருளோ என ஐயுறுவார்க்கு ஒன்று கூறுவோம். அவ்வண்டி பழைய மாணவர் பலர் நன்கறிந்த வண்டி. 1960ஆம் ஆண்டு தொடக்கம் 1996ஆம் ஆண்டு வரை இக்கல்லூரியிலே தமிழ் கற்பித்த எம் ஆசிரியருடையது. தம் பெயர் அச்சில் வருவதை அவர் ஒருபொழுதும் விரும்பினாரல்லர். ஆதலின் யாமும் பெயர் கூறாது விடுகின்றோம். வேட்டித் தலைப்பை ஒரு கையாற் பற்றியவாறு, வெயிலிலும் மாரி வெள்ளத்திலும் ஒரே வேகத்தில் கல்லூரி வாயிலைக் கடந்து வந்த கறுத்த றலி வண்டியை நினைவுகூருவார்க்குப் பெயர் வேண்டியதில்லை.

ஆசிரியர் மறைந்த பின்னர் வண்டி மூன்று ஆண்டுகள் அவர் வீட்டு மாட்டுக்கொட்டிலிலே சாத்திக் கிடந்தது. கடந்த தைப்பொங்கலன்று அவர்தம் மனைவியாரைக் கண்டு வணங்கச் சென்றோம். அம்மா எம்மைக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்று, "தம்பி, தங்கச்சியின்ரை பேரன் உங்கடை பள்ளிக்கூடத்திலைதான் பத்தாம் வகுப்பு. நடந்து போறான். இதை ஓடக்கூடியதாய் ஆக்கித் தருவியோ?" என்றார். ஓடக்கூடியதாக ஆக்குதல் எளிது. ரயர், ரியூப், பிறேக் கட்டை, எண்ணெய் ஆகியவற்றோடு ஒரு நாளில் முடிந்துவிடும். ஆனால் வண்டியைத் திண்ணைக்குக் கொண்டுவந்து துடைத்தபொழுதுதான், பூச்சு உரிந்த இடமெல்லாம் துரு அரித்திருப்பதைக் கண்டோம். பூச்சைக் கவனியாது ரயரை மாற்றுவது, கூரை ஒழுகும் வீட்டுக்குக் கதவு பூட்டுவதை ஒக்கும்.

வண்டியின் பிறப்பை அறிதற்கு நூலகம் செல்ல வேண்டியிருக்கவில்லை. அது மூன்று கியர் கொண்ட வண்டி. அக்கியரைச் செய்த ஸ்ரேமி-ஆச்சர் கம்பனியார் பின்சில்லின் குடத்திலே ஆண்டையும் மாதத்தையும் பொறித்து விடுவது வழக்கம். மசகும் மண்ணும் இறுகிய அக்குடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபொழுது 59 என்னும் எண் தெரிந்தது. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரிலே செய்யப்பட்டு, கப்பலேறி, ஆசிரியர் முதல் நியமனம் பெற்ற ஆண்டில் அவர் கைக்கு வந்திருக்கின்றது. அக்காலத்து றலி வண்டிகளின் கறுப்பு ஏன் அத்துணை நின்று பிடித்தது என்று வியப்பார் உளர். மாயம் ஒன்றுமில்லை. உருக்குக் குழாய்களை மூட்டுகளிலே பித்தளை கொண்டு ஒட்டிய பின், சட்டகத்தைப் பொசுபேற்றுக் கரைசலாற் பதப்படுத்தினர். அதன்மீது எனாமல் பூசிச் சூளையிலே சுட்டனர். பூச்சு உருக்கின்மேல் ஒட்டியிருந்தது என்பதினும் உருக்கைப் பற்றியிருந்தது என்பதே பொருந்தும். கறுப்பு நிறமும் வெறும் அழகுக்காக அன்று. அந்நிறத்தைத் தரும் காபன் கரி வெயிலின் ஊதாக்கடந்த கதிரைத் தானே விழுங்கிப் பூச்சைக் காப்பது. எம் நாட்டு வெயிலிலே சிவப்பு வெளிறும், நீலம் மங்கும். கறுப்போ பேரனுக்கும் கறுப்பாகவே நிற்கும்.

எனினும் எம் கையில் வந்த வண்டி கறுப்பாக இருக்கவில்லை. அது பச்சை. யன்னலுக்குப் பூசும் பச்சை, தூரிகையாலே தடிப்பாக அடித்தது. அந்தப் பச்சைக்கு ஒரு காரணமுண்டு.

யாழ்ப்பாணத்தாருக்குத் துவிச்சக்கர வண்டி என்ன பொருள் என்பதை 1990ஆம் ஆண்டுக்குப் பின்னான பொருளாதாரத் தடைக் காலத்தை வாழ்ந்தவர்க்கு யாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இன்றைய மாணவர்க்காகச் சில கூறுவோம். பெற்றோல் இல்லை. மின்சாரம் இல்லை. விறகும் நெல்லும் நோயாளியும் மணமக்களும் வண்டியிலே சென்றனர். மின்கலம் தடுக்கப்பட்டிருந்தமையால், வண்டியை நிறுத்தி வைத்துப் பெடலை மிதித்து, டைனமோவின் மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டோம். மிதிப்பவர் களைத்தால் செய்தியும் களைக்கும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே செம்மணி வழியாக நாவற்குழிப் பாலங் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். மழை பெய்தது. அவ்விரவில் வண்டியை ஓட்டியவர் எவருமிலர், எல்லோரும் உருட்டினர்.

ஆசிரியரும் உருட்டினார். பின்கரியரிலே அவருடைய முதிய தாயார். சட்டகத்தின் மேற்குழாயிலே, நாம் 'பார்' என்று சொல்லும் அவ்விடத்திலே, தும்புக் கயிற்றாற் கட்டிய இரண்டு மூட்டைகள். ஒன்று அரிசி. மற்றதில் என்ன இருந்தது என்பதை அம்மா எமக்கு இவ்வாண்டுதான் சொன்னார். அது எம் வகுப்பின் கட்டுரைக் கொப்பிகள், திருத்தி முடியாதவை. "அரிசியிலை இன்னும் ரண்டு கொத்துக் கொண்டு வந்திருக்கலாம். கேட்டாரே மனுசன்!" என்று அம்மா இன்றும் குறைப்பட்டுக் கொள்கின்றார். இன்னொரு பாடசாலையின் மாமர நிழலிலே பிற்பகல் வகுப்புத் தொடங்கிய நாளில், எம் கட்டுரைக் கொப்பி சிவப்பு மையோடும், வழமையான கையொப்பத்தோடும் எம்மிடம் திரும்பி வந்தது. அப்பொழுது எமக்கு வயது பதினைந்து. கொப்பி எப்படி வந்ததென்று கேட்கத் தோன்றவில்லை.

பாலத்தருகே நெரிசலில் வண்டி ஒருமுறை சரிந்து கல்லில் மோதியது. மேற்குழாயிலே பெருவிரல் பதியும் அளவுக்கு ஒரு நெளிவு. மூட்டைக் கயிறு மூன்றிடத்திலே எனாமலை அறுத்து உருக்கைத் தொட்டது. 1996ஆம் ஆண்டு ஊர் திரும்பியபொழுது அம்மூன்று இடங்களிலும் துரு ஏறியிருந்தது. வீட்டு யன்னலுக்கு வாங்கிய பச்சையில் மிஞ்சியதை ஆசிரியர் வண்டி முழுவதுக்கும் பூசிவிட்டார். அவ்வாண்டே ஓய்வும் பெற்றார்.

பங்குனி மாதத்திலே வேலை தொடங்கினோம். மாதத்தைத் தெரிந்தெடுத்தது வேண்டுமென்றே. மாரியிலே செலுலோசுப் பூச்சு அடித்தால், காற்றின் ஈரம் அதன்மேற் படிந்து வெண்மை பூக்கும். வைகாசி பிறந்தால் சோளகம் எழுந்து செம்மண்ணை அள்ளி ஈரப் பூச்சிலே தூவும். தை மாசியிலோ விடியற் பனி. பங்குனி, சித்திரை ஆகிய இரண்டு மாதங்களே எம் குடாநாட்டிற் பூச்சு வேலைக்கு அமைதியான காலம். எம் அயலிலே வாகனங்களுக்குப் பூச்சு அடிக்கும் கராஜ் வைத்திருப்பவர் ஒருவர், கல்லூரியின் பழைய மாணவர், மாலை வேளைகளில் இடமும் காற்றமுக்கியும் தந்து உடன் நின்றும் உதவினார்.

முதற்கண் வண்டியை முற்றாகப் பிரித்தோம். சில்லு, மட்காட், செயின், கம்பிப் பிறேக் என ஒவ்வொன்றாகக் கழன்றன. பெடல் தண்டைப் பிடித்திருக்கும் ஆப்பைக் கழற்றுதல் பொறுமையைச் சோதிப்பது. மறுபுறம் கனமான இரும்பு முட்டுக் கொடாது சுத்தியலால் அடித்தால் ஆப்பு வளையும், உள்ளிருக்கும் குண்டுகளும் தழும்பும். ஒரு நாள் முழுவதும் எண்ணெயில் ஊறவிட்ட பின்னரே அசைந்தது. பெடல் அச்சின் வலப்பக்கக் கிண்ணம் இடமாகச் சுழலும் புரியுடையது என்பதை அறியாதார் அதனை எதிர்த்திசையில் முறுக்கியே இறுக்கி விடுவர். இதனை இளைஞர் நினைவிற் கொள்க. கழற்றியவற்றைப் பழைய பால்மாப் பேணிகளிலே வகுத்து வைத்தோம்.

முன்குழாயிலிருந்த சின்னத் தகட்டையும் எடுத்தோம். கொக்குத் தலை பொறித்த பித்தளைத் தகடு அது. அதன் குழிகளிலே மஞ்சள் நிறமாக ஏதோ இறுகியிருந்தது. துரு அன்று, சந்தனம். ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று வைத்த பொட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக முப்பது நாற்பது ஆண்டுகள் படிந்தது. அம்மா அத்தகட்டை வாங்கிக் குத்துவிளக்கைத் துலக்குமாறு போலப் புளியிட்டுத் துலக்கித் தந்தார்.

அடுத்துப் பழைய பூச்சை நீக்க வேண்டும். இங்குதான் எமக்கு மனம் ஒருப்படவில்லை. மேற்குழாயின் பச்சையைச் சுரண்டியபொழுது அடியிலே கறுப்பும், கறுப்பின் குறுக்கே மூன்று துருப் பட்டைகளும் தோன்றின. கயிறு கிடந்த தடம். புரியின் சாய்வுகூட ஓரிடத்திற் புலப்பட்டது. ஆசிரியரின் மகனார் கனடாவிலிருந்து தொலைபேசியிற் பேசியபொழுது, "அந்த இடத்தை மட்டும் அப்படியே விட்டு, மேலே கண்ணாடிப் பூச்சு அடிக்க இயலாதோ? நான் வரும்போது பார்க்க வேண்டும்," என்றார். எமக்கும் அதுவே விருப்பம். கராஜ்காரர் தலையசைத்தார். துருவின்மேல் நிறமற்ற பூச்சு நில்லாது. ஒட்சிசனும் ஈரமும் ஊசித்துளை வழியாகவும் ஓரங்களாலும் உட்புகும்; துரு அடியிலே புழுப்போல ஊர்ந்து சுற்றியுள்ள புதுப்பூச்சையும் கிளப்பும். உப்புக் காற்று வீசும் ஊரிலே இரண்டு மாரி தாங்குவது அரிது. வண்டியைச் சுவரில் மாட்டி வைப்பதாயின் செய்யலாம். ஓடுவதாயின் செய்யலாகாது என்றார். அவர் கூறியது நியாயமே. ஆயினும் சுரண்டற் கத்தியை எடுக்க எமக்குக் கை வரவில்லை.

அம்மாவிடம் சென்று இரு பக்கமும் எடுத்துரைத்தோம். அவர் முருங்கைக்காய் நறுக்கிக் கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "துருவைக் கும்பிட்டுக்கொண்டு இருக்க ஏலுமே, தம்பி? அவர் இருந்தால் வைச்சிருப்பாரோ? சுரண்டிப்போட்டுப் பூசு. பெடியன் ஓடட்டும்," என்றார். அதன்மேற் பேச்சில்லை. மகனாருக்காக ஒரு நிழற்படம் மட்டும் எடுத்து அனுப்பினோம்.

பழைய பூச்சுக்களிலே ஈயம் கலந்திருத்தல் கூடும். உலர்வாகத் தேய்த்தால் அத்தூள் மூச்சிற் சென்று தங்கும். குழந்தைகட்கு அது பெருந்தீங்கு. ஆதலின் கராஜ்காரரின் பூச்சுக் கரைப்பானைத் தடவி, பூச்சு குமிழ் விட்டெழுந்ததும் வழித்தெடுத்தோம். மூட்டு ஓரங்களை நீர்விட்டு அரத்தாளாலே தேய்த்தோம். கையுறையும் மூக்குக் கவசமும் அணிந்தோம். கழிவை வளவிலே கொட்டாது பேணியில் அடைத்தோம். ஐந்து மாலைகள் சென்றன. கரைப்பானின் நாற்றம் வீட்டாருக்கு உவப்பாயிருக்கவில்லை என்பதையும் ஒளிப்பதற்கில்லை.

வெற்று உருக்காக நின்ற சட்டகத்தைச் சிறு சுத்தியலாலே குழாய் குழாயாகத் தட்டிப் பார்த்தோம். நல்ல குழாய் மணிபோல ஒலிக்கும். உள்ளே அரித்த குழாய் மந்தமாக ஒலிக்கும். பெடல் அச்சுக்கூட்டின் அடியிலே நீர் தேங்கி அரிப்பது வழக்கம். எம் ஆசிரியரின் வண்டி அவ்விடத்திலும் கணீரென்றது. சனிக்கிழமை தோறும் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி எண்ணெய்த் துணியாலே துடைத்தவர் அவர். துரு நின்ற இடங்களுக்குப் பொசுபோரிக்கமிலம் கலந்த கரைசலைத் தடவினோம். அது இரும்பொட்சைட்டை இரும்புப் பொசுபேற்றாக மாற்றிச் சாம்பல் நிறம் கொள்ளச் செய்யும். பின்னர் கழுவி, உலர்த்தி, வெறுங்கை படாது தின்னர்த் துணியாலே துடைத்தோம். கையின் வியர்வையில் உள்ள உப்பே போதும், பூச்சின் அடியிலே புதுத்துரு தொடங்குவதற்கு.

அப்பொழுது மேற்குழாயின் நெளிவு பற்றிய கேள்வி எழுந்தது. கராஜ்காரர் அதனைப் புட்டி வைத்து நிரப்பித் தேய்த்து மட்டமாக்க முனைந்தார். அவர் தொழிலின் இயல்பு அது. யாம் தடுத்தோம். புட்டி தகரத்திலே நிற்கும். ஆனால் பளுவேறி அதிரும் குழாயிலே நாளடைவில் வெடித்துக் கழலும். பித்தளை உருக்கி நிரப்புவதே அங்கு முறை; ஆயின் அவ்வெப்பத்தை அப்பழைய மெல்லிய குழாய்க்குக் கொடுக்க வேண்டிய தேவை என்ன? குழாயில் வெடிப்பில்லை, வலுவுக்குக் குறைவில்லை. நெளிவு நெளிவாகவே இருக்கட்டும் என்றோம். யாம் சொன்ன காரணங்கள் எல்லாம் தொழில்முறைக் காரணங்கள். அவர் எம்மை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி சேர், விளங்குது," என்று புட்டிப் பேணியை மூடினார்.

அச்சுக்கூட்டின் புரிகளையும் முன்குழாயின் வாய்களையும் துணியடைத்து மறைத்த பின், நாகபொசுபேற்று அடிப்பூச்சு அடித்தோம். முன்குழாய்க்குள் ஒரு கம்பியைச் செலுத்திச் சட்டகத்தை மாமரக் கிளையிலே தூக்கினால் நாற்புறமும் கை செல்லும் என எண்ணுவீர்கள். மாமரம் பூத்திருந்த காலம். பூவும் பூச்சியும் பூச்சில் விழும். ஆகவே கராஜின் வளையிலே தூக்கி, நிலத்துக்கு நீர் தெளித்துத் தூசியை அடக்கினோம். முதலிலே கவைகளின் இடுக்கு, மூட்டுகளின் அடி. அதன் பின்னரே நீண்ட குழாய்கள். மாறிச் செய்தால் இடுக்குக்கு அடிக்கும் பூச்சு குழாயிலே வழியும். ஒரு சாண் தூரத்திலே துப்பாக்கியைப் பிடித்து, குழாயின் முனைக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். தடிப்பாக ஒரு முறை அடிப்பதினும் நொய்தாக மூன்று முறை அடிப்பதே நலம். மூட்டுகளின் கூரிய விளிம்பிலே ஈரப் பூச்சு தானே பின்வாங்கி மெலியும். துரு முதலில் முளைப்பதும் அங்கேதான். ஆதலின் விளிம்புகளுக்கு மட்டும் மேலும் ஒரு முறை. பின்பக்க மூட்டிலே பொறித்திருந்த வண்டி இலக்கம் பூச்சில் மூழ்காதவாறும் பார்த்துக் கொண்டோம்.

அடிப்பூச்சை நீர் அரத்தாளாலே மெழுகித் தேய்த்து, கறுப்பு எனாமலை மூன்று நாளில் மூன்று முறை அடித்தோம். இரண்டாம் முறைக்கு மேல் வண்டி தன் பழைய முகத்தைக் காட்டத் தொடங்கியது. இக்காலத்திலே தூட்பூச்சு என்றொரு முறையுண்டு. மின்னேற்றிய தூளைத் தூவி 180 பாகை செல்சியசு அளவிலே சூளையில் உருக்குவர். அது உறுதி மிக்கது. ஆயினும் அது தடிப்பான போர்வை. மூட்டுகளின் கூர்மையான வடிவை மழுக்கிவிடும். அதனால் எனாமலையே கொண்டோம். சூளையில்லா எனாமல் காற்றின் ஒட்சிசனை உண்டே இறுகுவது. மேற்புறம் அன்றே உலர்ந்ததுபோலத் தோன்றும். உள்ளே இறுகுதற்கு வாரங்கள் செல்லும். அதற்கு முன் பட்டிகளை முறுக்கினால் அச்சு விழும். மூன்று கிழமை பொறுத்திருக்க வேண்டுமென்று சொன்னபொழுது பேரப்பிள்ளையின் முகம் வாடியது. நாள்தோறும் பள்ளி விட்டதும் வந்து, கைகளைப் பின்னாற் கட்டிக்கொண்டு வண்டியைப் பார்த்துச் சென்றான்.

கோடு போட்டவர் அறுபது வயது கடந்த ஓவியர். ஒரு காலத்திலே யாழ்ப்பாண நகரத்துக் கடைப் பலகைகளும் லொறிகளின் பெயர்களும் அவர் கையால் எழுதப்பட்டவை. அச்சிட்ட பிளாஸ்ரிக் விளம்பரம் வந்தபின் தொழில் குறைந்தது. நீண்ட மயிர்த் தூரிகை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, சுண்டுவிரலைக் குழாயிலே ஓடவிட்டு, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பில் இரண்டடிக் கோட்டை இழுத்தார். அளவுகோல் இல்லை, ஒட்டுநாடா இல்லை. பொன்னிறத்துக்குப் பித்தளைத் தூள் கலப்பார் உளர். அது காலத்தால் மங்கிப் பச்சை பூக்கும் என்று கூறி அவர் காவி கலந்த மஞ்சளையே எடுத்தார். எனினும் யாம் அதனைப் பொற்கோடு என்றே சொல்வோம். மேற்குழாயிலே நெளிவு வந்த இடத்தில் ஒரு கணம் தயங்கி, கோட்டை நெளிவுக்குள் இறக்கி மறுபுறம் ஏற்றினார். அவ்வளவு நேர்த்தியாக வளைந்து செல்லும் கோட்டை யாம் கண்டதில்லை. செயின் உறையிலே ஆசிரியர் பெயரை எழுதித் தரட்டுமா என்று தாமாகவே கேட்டார். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றோம். "அவர் இருக்கேக்கை எழுதினவரோ?" என்பதே விடை. உறை வெறுமையாகவே இருக்கின்றது.

சித்திரைப் புதுவருடத்துக்குப் பின் வண்டியைக் கோத்தோம். சின்னத் தகட்டை அம்மாவே தம் கையாற் பொருத்தி, சந்தனம் இட்டார். இன்று அது கல்லூரியின் வண்டித் தரிப்பிடத்திலே, மதிலோரமாக, புளியமர நிழலில் நிற்கும். நான்காம் கிழமையிலேயே வேறொரு வண்டி அதன்மேற் சாய்ந்து பின்கவையிலே ஒரு கீறல் விழுந்துவிட்டது. பையன் கலங்கிய முகத்தோடு ஓய்வறைக்கு ஓடி வந்தான். மிஞ்சிய கறுப்பை மூடி இறுக்கிய கண்ணாடிப் போத்தலிலே, காற்றுப் புகாதவாறு தலைகீழாக, எம் அலுமாரியின் கீழ்த்தட்டிலே வைத்திருக்கின்றோம். சிறு தூரிகையும் உடன் உண்டு. கீறலைத் தானே துடைத்து, அரத்தாளிட்டு, தொட்டுப் பூசும் முறையை அவனுக்குக் காட்டினோம். முதற்றடவை சற்றுத் தடித்துவிட்டது. தேய்த்துவிட்டு மறுபடி பூசுமாறு கூறினோம், பூசினான்.